அளவா, இருப்பிடமா? மீன்களின் குரோமோசோம் இணைவுகளில் தாவும் மரபுக்கூறுகளின் பங்கு

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலில் வாழும் டிரெமாட்டோமஸ் பேரினத்து மீன்களின் இருமய குரோமோசோம் எண்ணிக்கை இனத்துக்கு இனம் 24 முதல் 58 வரை மாறுகிறது. எலும்பு மீன்களில் பாதிக்கு மேற்பட்டவை 48 அல்லது 50 குரோமோசோம்களோடு நின்றுவிட்டவை என்பதை நினைத்தால், ஒரே பேரினத்துக்குள் இத்தனை விரிவு வியப்பளிக்கும். இதற்குத் தாவும் மரபுக்கூறுகளைக் காரணம் காட்டும் விளக்கம் பத்தாண்டுகளாகச் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அந்த விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அதை எல்லா மீன்களுக்கும் பொதுவிதியாக்குவதற்குச் சான்று போதாது என்பதே என் வாதம்.

பொதுவிதியாகச் சொல்லப்படுவது இது. தாவும் கூறுகள் ஒரே வரிசையின் படிகளைப் பல குரோமோசோம்களில் சிதறவிடுகின்றன. உடைந்த டி.என்.ஏ. இழையைப் பழுதுபார்க்கும்போது, செல் தவறான இடத்திலுள்ள ஒத்த வரிசையொன்றைப் பிடித்துக்கொண்டால் இரு குரோமோசோம்கள் ஒட்டிக்கொள்ளலாம். எனவே கூறுகள் பெருகப் பெருகக் குலைவும் பெருக வேண்டும்.

பெருகுகிறதா? 2021இல் வெளியான ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 4,300 கோடி கார இணைகள் கொண்டது. மனிதனுடையதைப்போலப் பதினான்கு மடங்கு. அதில் சுமார் 90 விழுக்காடு திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். ஆனாலும் முதுகுநாணிகளின் தொல்மூதாதையிடம் ஒரே குரோமோசோமில் இருந்த மரபணுக் கூட்டங்கள் இந்த மீனில் இன்றும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன, நுண்குரோமோசோம்கள்கூடக் கரைந்துபோகவில்லை. குரோமோசோம்கள் ஊதிப் பெருத்தன, ஆனால் கலையவில்லை. எதிர்முனையில் பேத்தை மீன்கள் நிற்கின்றன. சுமார் 40 கோடி கார இணைகள் மட்டுமே கொண்ட இவற்றின் சிக்கனத்தைக் கண்டுதான் சிட்னி பிரென்னர் 1993இல் ஃபுகு மீனை மாதிரியாக முன்மொழிந்தார். தாவும் கூறுகள் மிகக் குறைவாக உள்ள இந்தக் குடும்பத்தில் குரோமோசோம் இணைகள் ஃபுகுவில் 22 ஆகவும், டெட்ராடன் இனத்தில் 21 ஆகவும் சுருங்கியிருக்கின்றன. மெடாகாவோ பழைய 24 இணைகளையே காத்துவருகிறது. மரபுத்தொகுதியில் பாதிக்குமேல் மீள்வரிசைகள் கொண்ட வரிக்குதிரை மீனில் 25 இணைகள். அளவுக்கும் குலைவுக்கும் நேர்விகிதம் தேடுபவருக்கு இந்த வரிசை ஏமாற்றமே தரும்.

அப்படியானால் டிரெமாட்டோமஸை என்ன செய்வது? அங்கே பேச்சு மொத்த அளவைப் பற்றியதல்ல. டிர்ஸ்1 என்னும் ஒற்றைப் பின்னோக்குத் தாவிக் குடும்பத்தைப் பற்றியது. பல பின்னோக்குத் தாவிகள் இன்டக்ரேஸ் நொதியால் குரோமோசோமில் நுழைய, இது டைரோசின் ரிகாம்பினேஸைப் பயன்படுத்துகிறது. ஒளிரும் துலக்கிகளைக் கொண்டு பார்த்தபோது இதன் படிகள் எங்கும் பரவாமல் சென்ட்ரோமியரிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் குவிந்திருப்பது தெரிந்தது. 48 என்ற மூல எண்ணிக்கையில் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஒரு முனையிலேயே சென்ட்ரோமியர் உடையவை. முனையோடு முனை ஒட்டுவதற்கு வேண்டிய ஒத்த வரிசை, ஒட்ட வேண்டிய இடத்திலேயே கிடக்கிறது. இந்த இருப்பிடச் சான்றுதான் டிரெமாட்டோமஸ் ஆய்வுகளின் உண்மையான பலம். அளவுக் கணக்கு அல்ல.

ஆனாலும் எது முன், எது பின் என்ற கேள்வி விலகவில்லை. இணைவு நடந்த இடத்தை ஒட்டி மறுசேர்க்கை குறைகிறது. மறுசேர்க்கை குறைந்த இடத்தில் தீங்கான செருகல்களைத் தேர்வு எளிதில் களைய முடியாது. தாவும் கூறுகள் தாமாகவே அங்கே தேங்கும். டிரெமாட்டோமஸ் போர்ச்கிரெவிங்க்கி இனத்தில் பெண்ணுக்கு 46, ஆணுக்கு 45 குரோமோசோம்கள். ஒய் குரோமோசோம் ஓர் உடற்குரோமோசோமோடு இணைந்ததன் விளைவு இது. இத்தகைய இணைவில் மறுசேர்க்கை அடங்கிய பகுதி பெரிதாகும். அங்கே பின்னர் காணும் குவியலைக் காரணம் என்று சொன்னால், விளைவையே காரணமாக்கிய குற்றம் நேரும்.

குளிர் அதிர்ச்சி தாவும் கூறுகளை எழுப்பியது என்ற துணை விளக்கத்தை நான் இன்னும் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். தாவும் கூறுகளைக் கண்டறிந்த பார்பரா மெக்கிளின்டாக் சோளத்தில் கண்ட நெருக்கடி ஓரிரு தலைமுறைகளுக்குள் நேர்ந்த குரோமோசோம் உடைவு. அண்டார்க்டிகக் கடலின் குளிர்ச்சியோ லட்சக்கணக்கான தலைமுறைகளில் படிந்தது. பனியாறுகள் முன்னேறிப் பின்வாங்கியபோது கண்டத்திட்டில் மீன் கூட்டங்கள் சிறிது சிறிதாகத் துண்டுபட்டிருக்கலாம் என்பது எளிய விளக்கம். சிறு கூட்டத்தில் தேர்வின் பிடி தளரும். அதே தளர்வில் செருகல்களும் நிலைக்கும், இணைவுகளும் நிலைக்கும். இரண்டும் ஒன்றாகக் காணப்படுவதற்கு ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்திருக்க வேண்டியதில்லை. டிரெமாட்டோமஸின் அதே குடும்பத்து நோட்டோதீனியா கோரிசெப்ஸ் மீனில் 24 இணைகள் 11 ஆகச் சுருங்கியும், பழைய குரோமோசோம் ஒவ்வொன்றின் மரபணுக்களும் பெரும்பாலும் சிதறாமல் கூடவே இருக்கின்றன. தாவும் கூறுகள் தாறுமாறாக வெட்டி ஒட்டியிருந்தால் இந்த ஒழுங்கு மிஞ்சியிருக்காது.

இவ்வழக்கைத் தீர்க்கும் சோதனை, இணையாமல் 48லேயே நிற்கும் உறவினங்களில்தான் இருக்கிறது. நீள்வாசிப்பு முறையில் சென்ட்ரோமியர் பகுதிகளை இடைவெளியின்றி வாசித்து, அங்கே டிர்ஸ்1 ஏற்கெனவே குவிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். குவிந்திருந்தால், ஒவ்வொரு படியின் வயதையும் அதன் சடுதிமாற்றங்களிலிருந்து கணித்து இணைவின் வயதோடு ஒப்பிடலாம். இணைந்த குரோமோசோம்களில் மட்டுமே இளம் படிகள் தென்பட்டால், டிரெமாட்டோமஸையும் நுரையீரல் மீனின் பக்கத்தில் சேர்க்க நேரும்.