கம்பி கட்டின விமானமும் பொது மைதானமும்

நம்ம செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் விமானத்துக்கும் பழைய உறவு மக்களே! டி'ஆஞ்சலிஸ்ங்கற சென்னை ஹோட்டல்காரர், சிம்சன் கம்பெனியில செஞ்ச விமானத்தை ஓட்டிப் பார்த்தது பல்லாவரத்துல (அது நம்ம ஜில்லாதான்). 1910 மார்ச்சுல தீவுத்திடல்ல ஊருக்கே பறந்து காட்டினார். ஏர்போர்ட் ஏது? பொது மைதானம்தான்.

1940 வாக்குல அமெரிக்காவுல ஜிம் வாக்கர் 'கண்ட்ரோல் லைன்' மாடலைப் பிரபலமாக்கினார். கையில ஒரு பிடி, ரெண்டு கம்பி. பிடியைச் சாய்ச்சா விமானம் ஏறும், இறங்கும். நம்மளையே சுத்தி வட்டமடிக்கும். 20 மீட்டர் கம்பின்னா 40 மீட்டர் வட்டம். மைதானத்துல ஒரு பக்கம் போதும். நம்ம என்.சி.சி. விமானப் பிரிவுப் பசங்களும் இதை ஓட்டுறாங்க.

சிக்கல் இடத்துல இல்லை, நேரத்துல. பந்து பொறுக்க ஓடி வர்ற பொடியன் வட்டத்துக்குள்ள வந்தா ஆபத்து. காலையில ஒரு மணி நேரம் விமானத்துக்கு, மிச்சம் கிரிக்கெட்டுக்குன்னு பேசி வச்சுக்கிட்டா சண்டையே வராது.

வேடந்தாங்கல் பக்கம் மட்டும் சீசன்ல எஞ்சின் சத்தம் வேண்டாம். அங்கே பறவைகளைச் சுடக்கூடாதுன்னு ஊர்க்காரங்க கேட்டு, 1798-லேயே கலெக்டர் பிளேஸ்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க :-)