தேக்கடி: மூழ்கிய காட்டின் மேல் ஒரு படகுச் சவாரி

லாங் வீக்கெண்ட் வருதுன்னாலே நம்ம குரூப்பில் யாராவது ஒருத்தர் தேக்கடி லிங்க் போட்டுடுவாங்க. ட்ரெக்கிங் இருக்கு, மூங்கில் தெப்பம் இருக்கு, காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தூங்கலாம். நீச்சல் மட்டும் கிடையாது. அந்த ஏரியில் நீந்துற உரிமை யானைகளுக்குத்தான். குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு, தும்பிக்கையை மேலே தூக்கிப் பிடித்தபடி கூட்டமாக நீந்திக் கடக்கும்.

இன்னைக்கு எபிசோட் அந்த ஏரியைப் பத்தி. சரியாகச் சொன்னா, ஏரிக்குக் கீழே இருக்கிற காட்டைப் பத்தி.

படகில் போனவங்க கவனிச்சிருப்பீங்க. தண்ணீருக்கு நடுவே கன்னங்கரேலென்று மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். நாமும் போட்டோ எடுத்துட்டு வந்துடுவோம். அந்தக் கட்டைகள் 1895-க்கு முன்பு அங்கே உயிரோடு நின்ற மரங்கள். தண்ணீருக்குள் மூழ்கிய வைரம் பாய்ந்த மரம் லேசில் மக்காது. அதனால் நூற்று முப்பது வருஷமாக அப்படியே நிற்குது.

1876–78 தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவை உலுக்கிப் போட்டது. மதுரைச் சீமையில் வைகையை நம்பினால் வயலுக்குத் தண்ணீர் நிச்சயமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதை மறித்துக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பழையது. அதற்கு 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. திருவிதாங்கூர் மகாராஜா, பிரிட்டிஷ் அரசுக்கு 8,000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார். ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய்.

அடுத்த எட்டு வருஷக் கதை உங்களுக்கு ஓரளவு தெரிஞ்சிருக்கும். பென்னிகுயிக், சுர்க்கிச் சாந்து, கட்டக் கட்ட அடித்துக்கொண்டு போன வெள்ளம், மலேரியா. செத்துப்போன கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைந்தது. தேனிப் பக்கம் இன்னைக்கும் பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடுறாங்கன்னா அதில் ஆச்சரியமே இல்லை.

ஆனா மலைக்கு இந்தப் பக்கம், சுமார் 26 சதுர கிலோமீட்டர் தண்ணீருக்குள் போச்சு. அந்தக் காடுகளில் மன்னான், பளியர் என்ற பழங்குடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குத்தகைப் பத்திரத்தில் இருந்தது ரெண்டே தரப்புதான். அவங்க அதில் இல்லை.

இங்கதான் விஷயம் சுவாரஸ்யமாகுது. ஏரியைச் சுற்றி மிச்சமிருந்த காட்டை 1899-ல் காப்புக்காடாக அறிவித்தார்கள். அன்னைக்குப் புலி மேல் யாருக்கும் அக்கறை கிடையாது. காடு போனால் மண் சரிந்து ஏரி தூர்ந்துவிடும், அவ்வளவுதான். பிறகு திருவிதாங்கூர் அரச குடும்பம் ஏரிக்குள் நீண்டிருக்கும் இடப்பாளையத்தில் கோடை மாளிகை கட்டியது. 1934-ல் நெல்லிக்காம்பட்டி விலங்குச் சரணாலயம் வந்தது, 1950-ல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது, 1978-ல் புலிகள் காப்பகம். ஆக, நாம 'இயற்கை'ன்னு பார்க்கப் போறது ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தோட கரை. அரசர் மாளிகை இப்போ ஹோட்டல்.

விலங்குகளுக்கு இடம் ஒதுக்கின அதே காலத்தில், 1940-களில், மன்னான்களையும் பளியர்களையும் காட்டுக்குள்ளிருந்து குமுளி ஓரத்துக்குக் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியிருப்புகளுக்குப் பேரே மன்னாக்குடி, பளியக்குடிதான். நாம ஜீப் புக் பண்ணிட்டு டீ குடிக்கிற கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை மட்டும் அவங்க கையில் மிஞ்சியது.

காட்டை விட்டு ஆளை வெளியேத்தினா காடு பிழைச்சுடுமா? இல்லைன்னு அடுத்த அம்பது வருஷம் காட்டுச்சு. சந்தனம் போச்சு, யானைத் தந்தம் போச்சு, வயணா மரத்தோட பட்டை மூட்டை மூட்டையா போச்சு. வயணா காட்டு லவங்கம். பட்டையை உரிச்சா மரம் செத்துடும்.

என் கணக்கில் தேக்கடி வரலாற்றில் அணைக்கு அடுத்த பெரிய திருப்பம் 1990-களின் கடைசியில் வந்தது. வனத்துறை, வழக்குகளோடு அலைந்துகொண்டிருந்த பட்டை திருடர்களையே கூப்பிட்டுப் பேசியது. விலங்கு நடமாட்டம், குறுக்குப் பாதை, ஒளியுற இடம் எல்லாம் அவங்களுக்குத்தான் அத்துப்படி. அவங்க ஒரு குழுவானாங்க. இன்னைக்கு 'டைகர் ட்ரெயில்'ங்கிற பேரில் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய், டென்ட் போட்டு, சமைச்சுக் கொடுத்து, ராத்திரி காவல் இருக்கிறவங்க அவங்கதான். குழுவின் பேரிலேயே 'முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போர்'னு இருக்கும். பழசை மறைக்காத அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மன்னான், பளியர் இளைஞர்களும் வழிகாட்டிகளா வந்தாங்க. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் 'வசந்த சேனா'னு சேர்ந்து, சம்பளமே இல்லாம முறை வைச்சு ரோந்து போறாங்க.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. தாத்தா பாட்டி வாழ்ந்த காட்டுக்குள்ள நம்மளை வழிகாட்டிக் கூட்டிட்டுப் போயிட்டு, பேரன் சாயங்காலம் குமுளிக்குத் திரும்பி வர்றான். வருமானம் வந்தது, மண் வரலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னா செல்ஃபிக்கு நல்லா இருக்காதுன்னு கழட்டாதீங்க. மழைக்காலம்னா அட்டைக்கான காலுறையும் வேணும்.

விடியற்காலைப் படகில் போனா, மூங்கில் தெப்பத்தில் வலை எடுக்கிற மன்னான்களைப் பார்க்கலாம். கட்டைகளுக்கு நடுவே எங்கே வலை போட்டா சிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடில், அந்தச் சுரங்கத்துக்குள்ள போன தண்ணீர் எந்த ஊர் வயலுக்கு முதல்ல போச்சு, எந்த ஊர் காத்துக்கிடந்ததுங்கிறதைப் பேசலாம்.