இரண்டு உயில்கள், இரண்டு அடைமொழிகள்

எட்வர்ட் ஹாப்கின்ஸ் 1657இல் லண்டனில் இறந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்துக்குப் பல தடவை கவர்னராக இருந்தவர். அவருடைய உயிலில் மனைவியைக் குறிப்பிடும் இடத்தில், அருமையானவள், துயருற்றவள் என்று பொருள்படும் இரண்டு சொற்கள் உள்ளன. அறுபத்துநான்கு வருஷங்கள் கழித்து அந்த மனைவியின் மருமகன், அதாவது உடன்பிறந்தான் மகன், அதே லண்டனில் இறந்தார். அவர் விட்டுப்போன உயிலிலும் மனைவிக்கு ஓர் அடைமொழி உண்டு. கொடியவள். அந்தச் சொல்லுக்கு அடுத்து, அவளுக்கு என்ன தருவது என்று எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.

இரண்டாமவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதால் சென்னைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அவரை விடுவதில்லை. ஆனால் எல்லோரும் அவரைத் தனி மனிதராக, அதிர்ஷ்டமும் அயோக்கியத்தனமும் கலந்த ஒரு கம்பெனி உத்தியோகஸ்தராகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. நியூ இங்கிலாந்தில் பதினைந்து வருஷம் போல வாழ்ந்து, சண்டையிட்டு, தண்டனை பெற்று, பாதி அங்கேயே தங்கி, பாதி திரும்பிப்போன குடும்பம். அதைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் உயில்களிலிருந்தும் விசாரணைக் குறிப்புகளிலிருந்தும்தான். இந்தத் தஸ்தாவேஜுகள் யாரைப் பேசவிடுகின்றன என்பதே எனக்கு இங்கே விஷயம்.

பாட்டியிலிருந்து தொடங்கலாம். ஆன் லாயிட், செஸ்டர் நகரத்துப் பிஷப்பின் மகள். தாமஸ் யேல் என்பவரை மணந்து விதவையானாள். பிறகு தியோஃபிலஸ் ஈட்டன் என்ற வியாபாரியை மறுமணம் செய்துகொண்டாள். ஈட்டன் 1638இல் நியூ ஹேவன் குடியேற்றத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், சாகும்வரை அதன் கவர்னர். மூத்த தாரத்துக் குழந்தைகள், இளைய தாரத்தின் குழந்தைகள், மாமியார், வேலைக்காரர்கள், அடிமைகள் என்று ஒரு பெரிய வீடு. இந்த வீட்டின் எஜமானியம்மாள் ஒரு புத்தகம் படித்தாள். குழந்தை ஞானஸ்நானம் தவறு என்று வாதிடும் புத்தகம். லேடி மூடி என்ற இன்னொரு பெண்மணி இரவல் கொடுத்தது. படித்து முடித்த பிறகு, சபையில் ஞானஸ்நானம் நடக்கும் வேளையில் கவர்னரின் மனைவி எழுந்து வெளியே போகத் தொடங்கினாள்.

சபை விசாரித்தது. புத்தகம் படித்ததை மட்டும் வைத்து ஒரு கவர்னர் மனைவியைத் தண்டிப்பது சிரமம். அதனால் வீட்டுக்குள் நுழைந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் மாமியாரை அறைந்தாள், மூத்தாள் மகளைக் கொடுமைப்படுத்தினாள், வேலைக்காரர்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை என்று குற்றச்சாட்டுகள் நீண்டன. 1644இல் கண்டனம். அவள் மன்னிப்புக் கேட்ட விதம் போதவில்லை என்று 1645இல் சபை விலக்கம். 1644 ஏப்ரலிலிருந்து 1653 மே வரையிலான நியூ ஹேவன் குடியேற்ற ஏடுகள் காணாமல் போய்விட்டன. இந்த விசாரணை மட்டும் தனியாகப் பிழைத்துக் கிடைத்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு வீடு ஒன்றின் அடுக்களைச் சண்டை இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருப்பது அபூர்வம். எழுதியவர்களுக்கு அந்த வீட்டின் மேல் அக்கறை எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு தீர்ப்பு. நமக்குக் கிடைத்தது ஒரு வீடு.

அவளுடைய மகளும் ஆன்தான். எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. 1645இல் ஹாப்கின்ஸ் இவளை அழைத்துக்கொண்டு பாஸ்டனுக்கு வந்ததை மாஸசூஸெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பக்தியும் திறமையும் உள்ள இளம்பெண், பல புத்தகங்கள் எழுதியவள், படிப்பதிலும் எழுதுவதிலும் முழுக்க இறங்கிவிட்டதால் புத்தி பேதலித்துவிட்டாள் என்பது அவர் கணிப்பு. வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு, ஆண்களுக்கான விஷயங்களில் தலையிடாமல் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். அவள் எழுதிய புத்தகங்களில் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. பைத்தியம் என்ற குறிப்பு வந்து சேர்ந்துவிட்டது.

தாய் படித்ததற்காகச் சபையை விட்டு விலக்கப்பட்டாள். மகள் படித்ததால் பைத்தியமானாள் என்று எழுதப்பட்டாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வருஷத்தில். இந்தக் குடும்பத்தின் பெயர்தான் பிறகு ஒரு கல்விக்கூடத்தின் பெயர் ஆனது. இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கதையாக்குவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. 

ஆனின் சகோதரன் டேவிட் யேல் பாஸ்டனில் வியாபாரம் செய்தான். 1646இல் ராபர்ட் சைல்டும் மற்றவர்களும் சபை உறுப்பினரல்லாதவர்களுக்கும் உரிமை கேட்டு ஒரு மனு கொடுத்தார்கள். கையெழுத்திட்ட ஏழு பேரில் டேவிட் ஒருவன். அபராதம் விழுந்தது. 1649இல் எலிஹு பிறந்தான். 1652இல், பையனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, டேவிட் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினான். தம்பி தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டான். இன்று அமெரிக்காவில் இருக்கும் யேல்கள் அவன் வழி வந்தவர்கள்.

இனி ஹாப்கின்ஸின் உயில். அந்தத் துயருற்ற மனைவியின் பராமரிப்புக்காக வருஷம் 150 பவுன் அவள் சகோதரன் டேவிட் கையில் தரப்பட வேண்டும் என்று அவர் எழுதினார். நியூ இங்கிலாந்தில் கல்விக்காகச் சொத்தில் ஒரு பகுதி. நியூ ஹேவனில் 1660இல் தொடங்கிய ஹாப்கின்ஸ் பள்ளி அதில் வந்தது. இன்னும் 500 பவுன் உண்டு. அது மனைவி இறந்த பிறகே போய்ச்சேர வேண்டும். பைத்தியக்காரி என்று எழுதப்பட்டவள் கணவனுக்குப் பின் நாற்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள். 1698இல்தான் இறந்தாள். பிறகு வழக்கு லண்டன் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனது. வட்டியோடு பணம் ஹார்வர்டுக்கும் கேம்பிரிட்ஜ் இலக்கணப் பள்ளிக்கும் என்று தீர்ப்பானது. அந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தில் எழுந்த ஊருக்கு ஹாப்கின்டன் என்று பெயர். ஐம்பது வருஷமாக ஒரு பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதைப் பற்றி இந்தக் காகிதங்களுக்கு ஒரு வரிகூடச் சொல்லத் தெரியவில்லை. அவள் இறந்த தேதி மட்டும் அவசியம். அன்றுதான் பணம் முதிர்கிறது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் இருக்கும் வல்லக்கோட்டைப் பக்கத்தில், ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய பிறகு, குடும்பங்கள் தங்கள் வம்சாவளியைத் தேடத் தொடங்கின. முன்னோர்மேல் திடீரென்று பற்று வந்துவிடவில்லை. மூலப்பத்திரம் வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். 1989இல் பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நிலம் வாங்க வருகிறவனின் வக்கீல் பெண்மக்களின் கையெழுத்தையும் கேட்கிறான். எந்த ஊரிலோ வாழ்க்கைப்பட்டுப்போன அத்தைகள் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்காக மறுபடியும் குடும்ப மரத்தில் கிளையாக முளைக்கிறார்கள். பத்திரம் பதிவானதும் மறுபடி மறைந்துவிடுகிறார்கள். அந்த நிலத்தில் தலைமுறைகளாக உழுதவன் எந்தப் பத்திரத்திலும் இல்லை. இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டபோதுதான் அவர்களில் சிலருக்குப் பட்டாவில் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரும் எவ்வளவு காலம் நிலைத்தது என்பது வேறு கதை.

நம்மில் சிலருக்கு, தஸ்தாவேஜு என்றாலே ஒரு மயக்கம் உண்டு. கற்பனை பொய் சொல்லும், ஆவணம் சொல்லாது என்று. ஆவணம் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் சொத்து கைமாறும்போதும் சண்டை முற்றும்போதும் மட்டும்தான் அது வாயைத் திறக்கிறது. சண்டையில்லாமல் வாழ்ந்து, ஒன்றும் விட்டுவைக்காமல் செத்தவன் அதற்கு மனிதனே இல்லை.

எலிஹு யேல் 1672இல் சென்னைக்கு வந்தான். உத்தியோகம் ரைட்டர், அதாவது குமாஸ்தா. சம்பளம் வருஷத்துக்கு 10 பவுன். சம்பளத்தில் யாரும் பணக்காரனாவதில்லை. 1680இல் கவுன்சிலில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் இறந்தார். சொத்தும் நான்கு குழந்தைகளும் விதவை கேதரினுக்கு. அக்டோபர் 28ஆம் தேதி கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. நவம்பர் 4ஆம் தேதி, அதன் பதிவேட்டின் முதல் கல்யாணமாக, யேல் கேதரினை மணந்தான். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் உடைமை கணவனுடையது. யேலின் வியாபாரத்துக்கு முதல் இங்கிருந்து வந்தது என்று நினைக்க நியாயமிருக்கிறது. கொடியவள் என்ற அடைமொழியைப் படிக்கும்போது இந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்கு ஒரு மகன், டேவிட். பாட்டன் பெயர். நான்கு வயது நிரம்புவதற்குள் 1688 ஜனவரியில் இறந்தான். ஹின்மர்ஸின் கல்லறையிலேயே, தாயின் முதல் கணவனோடு, புதைத்தார்கள். கூம்பி உயர்ந்து நிற்கும் கட்டடம். சுற்றியிருந்த கல்லறைகள் 1758-59இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒளிவிடமாகப் பயன்பட்டன என்பதால், முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயர்களே அந்த இடுகாட்டை அழித்தார்கள். இது தப்பியது. பிற்பாடு சட்டக் கல்லூரி வளாகத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. 2023இல் இந்தக் கல்லறை சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் பொருளானது. வேறிடத்துக்கு மாற்றும்படி தனி நீதிபதி உத்தரவிட்டார். முந்நூற்று எழுபது வருஷத்துக்குப் பின்னும் இந்தக் குடும்பம் கோர்ட் ஏடுகளை விட்டு வெளியே வரவில்லை.

கேதரின் 1689இல் இங்கிலாந்து திரும்பினாள். யேல் இங்கேயே இருந்தார். வைர வியாபாரி ஒருவரின் விதவையான ஹியரோனிமா டி பைவா என்ற போர்த்துகீசிய யூதப் பெண்ணோடு வாழ்ந்தார். சார்லஸ் என்று ஒரு மகன். தாயும் மகனும் பின்னால் நன்னம்பிக்கை முனைக்குப் போய், யேலுக்கு முன்பே அங்கே இறந்துபோனார்கள். 1692இல் பல குற்றச்சாட்டுகளின் பேரில் யேல் பதவியிழந்தார். அவருக்குப் பதிலாக வந்த நதானியேல் ஹிக்கின்ஸனும் நியூ இங்கிலாந்தில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர் என்பது வேடிக்கை. கணக்குத் தீர்த்து யேல் கப்பலேற 1699 ஆகிவிட்டது.

ஆண்வாரிசு இல்லை. 1711இல் கனெக்டிகட்டிலிருந்து ஓர் உறவுப் பையனை வாரிசாக்குவதற்கு வரவழைக்கிறார் என்று அந்தக் குடியேற்றத்தின் லண்டன் பிரதிநிதி ஜெரமையா டம்மர் எழுதுகிறார். கல்லூரி நடத்துகிறவர்கள் அப்போது கண்விழித்தார்கள். 1718 ஜனவரியில் பாஸ்டனிலிருந்து காட்டன் மேதர் யேலுக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைக்கலாம், மகன் மகள் பெயரால் நிலைப்பதைக் காட்டிலும் மேலானது, எகிப்திய பிரமிடைக் காட்டிலும் மேலானது என்கிற தோரணையில். கேதரின் பெற்ற ஒரே மகனைச் சென்னையில் ஒரு கூம்புக்கு அடியில் வைத்துவிட்டு வந்தவர் அவர் என்பது மேதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமல் எழுதிய அந்த வரிதான் இந்தக் காகிதங்கள் எல்லாவற்றிலும் மிகக் குரூரமானது என்று எனக்குப் படுகிறது.

பலித்தது. 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம், ஒன்பது பேல் சரக்கு. சரக்கு விற்று 562 பவுன். கல்லூரி யேல் கல்லூரியானது. இன்னும் 500 பவுன் உயிலில் எழுதினார். 1721இல் அவர் இறந்தபோது உயில் சட்டப்படி நிலைநாட்டப்படவில்லை. 500 பவுன் போய்ச்சேரவேயில்லை. அத்தை புருஷனின் 500 பவுன் பெயர் வைக்காத ஹார்வர்டுக்குப் போனது. பெயர் வைத்த கல்லூரிக்கு மருமகனின் 500 பவுன் போகவில்லை. உயில் இல்லாமல் இறந்தவனின் அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு என்பது அன்றைய சட்டம். காலியாக விட்ட இடத்தைச் சட்டம் நிரப்பிவிட்டது. ஆயிரக்கணக்கான படங்களும் நகைகளும் சாமான்களும் ஏலத்தில் போயின. கேதரின் 1728 வரை வாழ்ந்தாள். அவள் தரப்பைச் சொல்லும் காகிதம் எதுவும் என் பார்வைக்கு வரவில்லை.

ஒன்பது பேல்களில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. எந்த ஊர்த் தறி என்று சரக்குப் பட்டியல் சொல்லாது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆலோசனை ஏடுகள் இன்னும் கொஞ்சம் சொல்கின்றன. அச்சாகியிருக்கின்றன, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். யேல் தலைமையேற்ற 1687 பஞ்ச வருஷம். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களையும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களையும் கப்பலேற்றினார்கள். ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் பத்துப் பேரையாவது கொண்டுபோக வேண்டும் என்று கவுன்சில் உத்தரவு. 1688இல் இந்த வியாபாரத்தைத் தடைசெய்தவர்களும் அதே கவுன்சில்தான். கோல்கொண்டாவைப் பிடித்திருந்த முகலாயர்களுக்குப் பயந்து.

665க்குக் கீழே பெயர்கள் இல்லை. ஈட்டன் வீட்டுச் சண்டையை மாமியார் கன்னத்தில் விழுந்த அறைவரைக்கும் எழுதிவைத்த அதே நூற்றாண்டுதான்.

யேல் தன் குடும்பத்தாரோடு ஒயினும் புகையிலைக் குழாயுமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஓவியம் உண்டு. வலது ஓரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்புச் சிறுவன். கழுத்தில் பூட்டோடு கூடிய உலோக வளையம். 2020இல் பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடம் அந்தப் படத்தைக் கழற்றிவைத்து, அவன் யார் என்று தேட ஆள் வைத்தது. 2022இல் மறுபடி மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில் அடிமை வியாபாரத் தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. உயில்களையும் பதிவேடுகளையும் புரட்டியவர்கள் துணியின் ரகம், நாற்காலியின் வேலைப்பாடு, ஓவியம் தீட்டப்பட்ட காலம் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிறுவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை.