இடியோசையும் கணினிச் சுட்டியும்

பூனாகலை மலைச்சரிவிலே ஐப்பசி மாதத்துப் பிற்பகல் எப்படியிருக்கும் என்பதை ஊவா நேயர்கள் நன்கறிவர். கொழுந்து நிறுக்கும் வேளையில் மேகம் இறங்கும், இடி முழங்கும். லயத்து வானொலிப் பெட்டியிலே, மத்திய அலையில் செய்தி வாசிப்பவரின் குரல் படபடவென்ற இரைச்சலில் மூழ்கிவிடும். மண்சரிவு எச்சரிக்கை மிகவும் வேண்டப்படும் நேரமும் அதுவேயன்றோ!

இவ்விரைச்சல் ஒலிபரப்பைக் காட்டிலும் மூத்தது. ருஷ்ய விஞ்ஞானி பப்போவ் 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி காட்டிய கருவி, பாட்டுக் கேட்பதற்காக அமைந்ததன்று. தொலைவிலே தோன்றும் மின்னலை அறிவிப்பதே அதன் வேலை. மின்னல் பல்வேறு நீளமுடைய மின்காந்த அலைகளை ஒருங்கே எழுப்புகின்றது. பப்போவுக்குச் செய்தியாக இருந்தது, பின்வந்தோருக்கு இடையூறாயிற்று.

இலங்கையில் எட்வேட் ஹார்ப்பர் 1923இல் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பிலே முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. அதன்பின் வானத்து இடியோடு மனிதன் ஆக்கிய இடியும் சேர்ந்துகொண்டது. மோட்டாரின் கரித்துண்டு தீப்பொறி கக்கினாலும், சுவிட்சைத் தட்டினாலும், அருகிலுள்ள வானொலி கரகரக்கும். இதற்கு வரம்பு வகுக்க 1934இல் சர்வதேசக் குழுவொன்றே அமைக்கப்பட்டது. அயலவரின் யந்திரம் நம் வீட்டுப் பாட்டைக் கெடுப்பது அத்துணை பெரும் வழக்காகிவிட்டது.

அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ணியபடி 1964இல் உருவான முதற் கணினிச் சுட்டிக்கு மரத்தாலான உடலும், வாலைப் போன்ற கம்பியும் இருந்தன. பிற்காலத்தில் அவ்வால் அறுந்தது. சுட்டியும் ஒரு சிறு வானொலி நிலையமாயிற்று. இன்றைய கம்பியில்லாச் சுட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலே பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அங்கேயே குடியிருக்கின்றன. போதாக்குறைக்கு, 2008இல் வெளிவந்த யூ.எஸ்.பி. 3.0 இணைப்பின் அதிவேக ஓட்டமும் அவ்வரிசையில் இரைச்சலைக் கசியவிடுவதை இன்டெல் நிறுவனம் 2012இல் எடுத்துக்காட்டியது.

ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். வானொலி தன் துன்பத்தைக் கரகரத்துச் சொல்லிவிடும். கேட்பவர் வானத்தைக் குறைகூறுவார், பெட்டியையல்ல. சுட்டியோ ஊமை. அது அனுப்பும் சிறு செய்திகளிற் சில வழியில் அழிய, திரையில் அம்புக்குறி தயங்கும், பின்னர் துள்ளும். தோட்டத்து மாணவன் அதனைச் சுட்டியின் பழுதென்றே எண்ணிப் புதிதொன்று வாங்குவான். கொழுந்து பறித்து ஈட்டிய தாயின் கூலி இவ்வாறு வீணாகும். புதிய சுட்டியும் அதே இடத்தில் அவ்வாறே தயங்கும்.

பழைய டிரான்சிஸ்டரை அருகே வைத்துச் சோதிக்கலாமா? கரகரக்கும் மின்மாற்றியை அது காட்டிக்கொடுக்கும், இவ்விரைச்சலையோ அறியாது. மத்திய அலையின் அதிர்வெண்ணைவிட இது ஆயிரம் மடங்குக்கும் மேலானது. அதனினும் எளிய சோதனை வேறுண்டு. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் பூட்டிய சேமிப்புக் கருவியைச் சற்றுநேரம் கழற்றிப் பாருங்கள். தயக்கம் நீங்கினால் குற்றவாளி அகப்பட்டான். பின்னர், சுட்டியின் சிறு ஏற்பியை நீட்டிப்புக் கம்பியொன்றிற் பூட்டி, அவ்விணைப்பிலிருந்து விலக்கிச் சுட்டியருகே வைத்தாற் போதும். அறுத்தெறிந்த வாலில் ஒரு முழமேனும் திரும்பி வருகின்றது.