தோற்ற குதிரையே அளவுகோல்: ஃபிராங்கெல் ஓட்டங்களை முன்வைத்துத் தர மதிப்பீடு பற்றிச் சில மாற்றுக் கருத்துகள்

குதிரையின் தரத்தை ரேட்டிங்கில் ஏற்ற நெடுங்காலமாகக் கையாளப்படும் வழிகளில் ஒன்று, அது ஓடிய ஓட்டத்தின் வகுப்பையும் பரிசுத் தொகையையும் பார்த்து ஓர் எண்ணைக் கூட்டுவது. குரூப் 1 ஓட்டத்தில் இரண்டாவது வந்த குதிரை, குரூப் 3 ஓட்டத்தில் இரண்டாவது வந்த குதிரையைவிட உயர்ந்தது என்பது இவ்வழியின் அடிப்படை. ஆயிரக்கணக்கான ஓட்டங்களின் சராசரிக்கு இது பொருந்தும், மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் கட்டுபவரின் முன்னால் நிற்பது சராசரி அல்ல, குறிப்பிட்ட எட்டுப் பத்துக் குதிரைகள். அந்த இடத்தில் வகுப்பின் பெயர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதே என் ஐயம்.

சோதிக்க வாய்ப்பான சான்று ஒன்று உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் ஃபிராங்கெல், எக்ஸெலிபிரேஷன் என்ற இரு குதிரைகள் ஐந்து முறை மோதின. இரண்டும் ஒரே வயது. சுமந்த எடையும் சமம். ஆகவே வயதுக்கான எடைச் சலுகை என்ற குழப்பமே இங்கே இல்லை. ஐந்திலும் வென்றது ஃபிராங்கெல். நியூபரியில் 2011 ஏப்ரலில் நடந்த கிரீன்ஹாம் ஸ்டேக்ஸில் இடைவெளி நான்கு நீளம். அதே ஆண்டு அக்டோபரில் அஸ்காட்டின் குயின் எலிசபெத் ஸ்டேக்ஸிலும் நான்கு நீளம். 2012 மே மாத லாக்கிஞ்சில் ஐந்து. கிரீன்ஹாம் குரூப் 3. மற்ற இரண்டும் குரூப் 1. வகுப்புக்கு எண் கூட்டும் முறையில் கிரீன்ஹாமில் எக்ஸெலிபிரேஷன் பெறும் மதிப்பெண் மிகத் தாழ்வாக இருக்கும். ஆனால் அடுத்த மாதமே அது ஜெர்மனியின் கொலோனில் அந்நாட்டுக் கின்னி ஓட்டத்தை ஏழு நீளத்தில் வென்றது. ஏப்ரலில் அதன் தரம் குறைவாக இருக்கவில்லை. ஓட்டத்தின் வகுப்புதான் தாழ்வாக இருந்தது.

சிக்கல் 2012 ஜூன் 19 அன்று நடந்த குயின் ஆன் ஸ்டேக்ஸில் வருகிறது. அன்று இடைவெளி பதினொரு நீளம். ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு நீளத்துக்கு ஏறத்தாழ இரண்டு பவுண்டு என்ற வழக்கமான கணக்கில் இது 22 பவுண்டு. லாக்கிஞ்சில் 10. ஒரே மாத இடைவெளியில் 12 பவுண்டு எங்கிருந்து வந்தது? ஃபிராங்கெல் அவ்வளவு உயர்ந்துவிட்டது என்று கொள்ளும் வாசிப்பு பரவலானது, கவர்ச்சியானதும்கூட. டைம்ஃபார்ம் நிறுவனம் ஃபிராங்கெலுக்கு வழங்கிய 147, 1965-இன் சீ-பேர்டுக்குரிய 145-ஐயும் தாண்டியது. உலகத் தரவரிசைக் குழுவோ 2012-க்கு 140-இல் நிறுத்திக்கொண்டது. இரண்டு அளவுகோல்களின் மட்டம் வேறு. எண்களை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது என்பது தெரிந்ததே. எனினும் அந்தப் பதினொரு நீளத்தை முழுமையாக எடுப்பதா, கழித்து எடுப்பதா என்ற கேள்வி இரு தரப்புக்கும் பொது.

இதற்கு விடை, ஓட்டத்தின் மூன்றாவது இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். எக்ஸெலிபிரேஷனுக்கு ஒரு மூக்கு பின்னால் மூன்றாவதாக வந்தது சைட் கிளான்ஸ். அன்றுவரை அது குரூப் 1 ஓட்டம் எதையும் வென்றதில்லை. எக்ஸெலிபிரேஷன் தன் முழுத் தரத்தில் ஓடியிருந்தால் சைட் கிளான்ஸ் அதன் தோளோடு முடித்திருக்க வழியில்லை. வெற்றிக் குதிரையைத் துரத்திய குதிரை கடைசி ஃபர்லாங்குகளில் அதற்கான விலையைக் கொடுத்தது. துரத்தாத குதிரை பின்னாலிருந்து நெருங்கிவந்தது. இந்த வாசிப்பை அதே ஆண்டு அக்டோபர் உறுதிப்படுத்துகிறது: ஃபிராங்கெல் இல்லாத குயின் எலிசபெத் ஸ்டேக்ஸை, அதே அஸ்காட்டில், எக்ஸெலிபிரேஷன் மூன்று நீளத்தில் வென்றது. ஜூனில் கூடுதலாகத் தெரிந்த 12 பவுண்டில் பெரும்பகுதி ஃபிராங்கெலின் ஏற்றம் அல்ல, எதிரியின் சரிவு.

ஃபார் என்ற குதிரையின் சான்றும் இதே திசையில்தான் இருக்கிறது. 2012-இல் குட்வுட்டின் சசெக்ஸ் ஸ்டேக்ஸில் அது ஃபிராங்கெலிடம் ஆறு நீளத்தில் தோற்றது. மைல் கணக்கில் 12 பவுண்டு. மூன்று வாரம் கழித்து யார்க்கில், சுமார் பத்தரை ஃபர்லாங் தூரத்தில், ஏழு நீளம். அந்தத் தூரத்துக்குரிய விகிதத்தில் 11 பவுண்டைச் சுற்றி வரும். ஃபார் மறு ஆண்டு லாக்கிஞ்சையும் சாம்பியன் ஸ்டேக்ஸையும் வென்ற குதிரை. எக்ஸெலிபிரேஷனின் வரிசையில் வைக்கத்தக்கது. ஆக, உயர்தர எதிரிக்கும் ஃபிராங்கெலுக்கும் இடையிலான தூரம் 8 முதல் 12 பவுண்டுக்குள் திரும்பத் திரும்ப விழுகிறது. குயின் ஆன் அதற்கு வெளியே தனியாக நிற்கிறது.

இன்னொரு விலகலும் உண்டு: 2011-இன் செயின்ட் ஜேம்ஸஸ் பேலஸ். அங்கே ஸோஃபனி முக்கால் நீளத்தில் நெருங்கிவிட, எக்ஸெலிபிரேஷன் மூன்றாவது. ஃபிராங்கெலை மிக முன்னதாகவே விரட்டிவிட்டதால் கோட்டருகே அது தளர்ந்தது என்பதை ஓட்டத்தைப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இரு விலகல்கள். இரண்டுக்கும் காரணம் அந்தந்த ஓட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. 2012-இல் எக்ஸெலிபிரேஷன் வேறு பயிற்சியாளரிடம் போனதைச் சிலர் காரணமாக்கலாம். மாற்றத்துக்கு முன் நான்கு நீளம், பின் ஐந்து. அதில் பேச ஒன்றுமில்லை. அக்டோபரில் தரை ஈரமாக இருந்ததென்பதும் வலுவான மறுப்பாகாது; ஈரத் தரை மட்டுமே இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணம் கட்டுபவருக்கு இதனால் என்ன? குயின் ஆனில் ஃபிராங்கெலின் விலை பத்துக்கு ஒன்று, அதாவது பத்து கட்டினால் ஒன்று லாபம். அதன் ரேட்டிங் 140-ஆ 147-ஆ என்பதில் ஒருவருக்கும் காசு இல்லை. பிழை பாதிப்பது தோற்றவற்றில்தான். 140-ஐ நட்டுவைத்து 22-ஐக் கழித்தால் எக்ஸெலிபிரேஷனும் சைட் கிளான்ஸும் 118-இல் சேர்ந்து நிற்கும். 147 என்றால் இரண்டும் 125. முதலாவது, அக்டோபரில் வென்ற குதிரையைத் தாழ்த்துகிறது. இரண்டாவது, சைட் கிளான்ஸை எட்டாத உயரத்தில் வைக்கிறது. எந்த எண்ணை நட்டாலும் இரண்டில் ஒரு குதிரை தவறான இடத்துக்குப் போகிறது. ஆகவே இத்தகைய ஓட்டத்திலிருந்து துரத்திய குதிரைக்கு எண் எடுக்கவே கூடாது; அதன் மற்ற ஓட்டங்களே பேசட்டும்.

2013 ஜனவரியில் உலகத் தரவரிசைக் குழு பழைய ஆண்டுகளின் ரேட்டிங்கைத் திருத்தியபோது எழுந்த சர்ச்சையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். டான்சிங் பிரேவ் 141-இலிருந்து 138-க்கும், ஷெர்கர் 140-இலிருந்து 136-க்கும், அலெஜ்ட் 140-இலிருந்து 134-க்கும் இறங்கின. ரசிகர்களின் கோபம் புரிகிறது. ஆனால் ஓர் ஆண்டின் எல்லாக் குதிரைகளையும் ஒரே அளவு இறக்கினால் அவற்றுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை. டான்சிங் பிரேவ் 1986 ஆர்க் ஓட்டத்தில் பெரிங்கை ஒன்றரை நீளத்தில் வென்றது. எந்தத் திருத்தமும் அந்த ஒன்றரை நீளத்தைத் தொடவில்லை.

சைட் கிளான்ஸ் 2013 நவம்பரில் மெல்பர்னில் மக்கின்னன் ஸ்டேக்ஸை, ஒரு குரூப் 1 ஓட்டத்தை, வென்றதே என்று கேட்கலாம். வென்றது உண்மை. 2,000 மீட்டரில், வேறொரு கண்டத்தில், வேறு எதிரிகளோடு. குயின் ஆனும் மக்கின்னனும் ஒரே வகுப்பு என்று பட்டியல் சொல்கிறது. அவ்விரண்டில் ஓடிய குதிரைகளை ஒன்றோடொன்று கட்டும் சங்கிலி எதையும் அந்தப் பட்டியல் தருவதில்லை.