கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?

ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஹார்ன் என்ற ஊரில் 1833இல் ஒரு பிள்ளைகள் இல்லம் தொடங்கியது. பெயர் ரௌஹெஸ் ஹௌஸ். தொடங்கியவர் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர். அப்போது அவருக்கு வயது 25. துறைமுக நகரத்துச் சந்துகளில் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளை அவர் அழைத்துவந்தார். ஒரே பெரிய கட்டடத்தில் அடைக்காமல், பன்னிரண்டு பேர் அளவில் பிரித்து, ஒரு குடும்பம்போலத் தனித்தனி வீடுகளில் குடிவைத்தார். டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் அவரை விடமாட்டார்கள். கிறிஸ்துமஸ் எப்போது வரும், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நச்சரிப்பார்கள்.

1839இல் விஹெர்ன் அதற்கு ஒரு வழி செய்தார். வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி 4 பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் 20 சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் பொருத்தி, ஜெபக்கூடத்தில் தொங்கவிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. அன்று, முதலாவது பெரிய வத்தி எரிந்தது. மறுநாள் முதல் நாளுக்கொரு சிறிய வத்தி, ஞாயிறுதோறும் ஒரு பெரிய வத்தி என 24ஆம் தேதிக்குள் சக்கரம் முழுவதும் எரிந்தது. பிள்ளைகளுக்கு அது நாள் எண்ணும் கருவி. ஜெபமும் பாட்டும் வேதக் கதையும் கூடவே வந்ததால், எந்த ஒளிக்காகக் காத்திருக்கிறோம் என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. பிற்பாடு சக்கரத்தில் பச்சைக் கிளைகளைச் சுற்றினார்கள். வீட்டு மேசைக்கு வந்தபோது வளையம் சிறுத்து நான்கு வத்திகள் மட்டும் மிஞ்சின. புராட்டஸ்டன்ட் வீடுகளில் வளர்ந்த இந்த வழக்கம் 1920களில் ஜெர்மானியக் கத்தோலிக்கக் கோவில்களுக்குள்ளும் நுழைந்தது.

விஹெர்னுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேதபாடம் வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டும் என்று அடம்பிடித்தவர் மார்ட்டின் லுத்தர். 1529இல் வந்த அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் பகுதிக்குப் பகுதி ஒரு தலைப்பு உண்டு. குடும்பத்தலைவர் தம் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் முறை என்று அது சொல்லும். கற்பிக்கும் பொறுப்பு போதகரோடு முடியவில்லை, தகப்பன் தலையிலும் விழுந்தது. 1530களில் கிறிஸ்து பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கென்றே 15 சரணங்களில் ஒரு பாட்டும் எழுதினார். வானதூதன் செய்தி சொல்வதுபோல் அது தொடங்கும். முதலில் அதற்கு அமைந்த மெட்டு, தெருவில் விடுகதை போட்டு ஆடிய பாட்டின் மெட்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்த மெட்டில் பெத்லகேம் கதை ஏறியது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், இதே ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார்.

கத்தோலிக்கர்களின் வழி கண்ணுக்கும் கைக்கும் இன்னும் நெருக்கமானது. 1223 கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில், அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, மாட்டையும் கழுதையையும் பக்கத்தில் நிறுத்தித் திருப்பலி நடத்தச் செய்தார். மீட்பர் எவ்வளவு ஏழ்மையில் பிறந்தார் என்பதைக் கண்ணால் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம். பின்வந்த நூற்றாண்டுகளில் கோவில்களில் சுரூபங்களோடு குடில்கள் பெருகின. 1782இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு, பகுத்தறிவுச் சீர்திருத்தம் என்ற பெயரில், கோவில்களில் குடில் வைக்கத் தடை போட்டார். விளைவு அவர் எதிர்பாராதது. குடில்கள் வீடுகளுக்குள் குடியேறின. டிரோல் மலைப்பகுதி விவசாயிகள் குளிர்காலத்தில் மரத்தில் இடையர்களையும் ஆடுகளையும் செதுக்கினார்கள். தாத்தா செதுக்கியது பேரனுக்கு வந்தது.

அந்தக் குடிலைச் சுற்றி ஒரு வழக்கமும் வளர்ந்தது. பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தால், காலித் தொட்டியில் ஒரு வைக்கோல் துரும்பு போடலாம். குழந்தை இயேசு வரும்போது படுக்கை மெத்தென்று இருக்கவேண்டுமே! தமிழகக் கத்தோலிக்க வீடுகளிலும் குடில் கட்டும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையதுதான். 24ஆம் தேதி நள்ளிரவு வரை தொட்டி காலியாக இருக்கும். பிறகுதான் குழந்தைச் சுரூபம் வைக்கப்படும்.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வீடுகளில் நாள் எண்ணும் வேலைக்கு இன்னும் மலிவான கருவியும் இருந்தது: சாக்பீஸ். கதவில் 24 கோடுகள் கிழித்து, தினமும் ஒன்றைப் பிள்ளை அழிக்கும். மவுல்பிரான் என்ற ஊரில் 1881இல் பிறந்த கெர்ஹார்ட் லாங்குக்கு, அவருடைய அம்மா ஓர் அட்டையில் 24 சின்ன பிஸ்கட்டுகளைத் தைத்துக் கொடுத்தார். மகன் வளர்ந்து மியூனிக் நகரில் அச்சகப் பங்குதாரரானதும், 1900களின் தொடக்கத்தில் அதையே நாட்காட்டியாக அச்சிட்டார். முதலில் 24 படங்களை வெட்டி 24 கட்டங்களில் ஒட்டவேண்டியிருந்தது. 1920 வாக்கில் திறக்கும் கதவுகள் வந்தன. கதவுக்குப் பின்னால் படம், சில நாட்காட்டிகளில் வேதவசனம். கடைசிக் கதவுக்குப் பின்னால் வழக்கமாகத் தொழுவம்.

இந்தச் சிறு பொருள்களின் பலத்தை நாஜிக் கட்சி நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. 1936இல் அதன் இளைஞர் அமைப்பைச் சேர்ந்த ஹான்ஸ் பவுமன் இயேசுவே இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எழுத, அது நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்சியே பிள்ளைகளுக்கான நாட்காட்டிப் புத்தகம் வெளியிட்டது. அதில் தொழுவத்துக்கு இடமில்லை. சூரியச் சக்கரமும் பழைய ஜெர்மானியத் தொன்மமும் போர்வீரர் கதையும் இருந்தன. மெழுகுவத்தி வளையத்துக்குக்கூடச் சூரியத் திருப்ப விழாவின் பொருள் கற்பிக்கப்பட்டது. மேசையும் மெழுகுவத்தியும் அப்படியே இருக்க, பெத்லகேம் மட்டும் எடுக்கப்பட்டது.

போர் முடிந்ததும், அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்த ஸ்டுட்கார்ட் நகரில், காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, ரிச்சர்ட் செல்மர் என்ற பதிப்பாளர் மறுபடி நாட்காட்டி அச்சிட்டார். 1950களுக்குப் பிறகு கதவுகளுக்குப் பின்னால் சாக்லெட் வந்து உட்கார்ந்தது. வசனம் பல வீடுகளில் காணாமல் போனது. ஆனால் ஜெர்மனியில் பழைய முறை விடாத குடும்பங்களில், 24ஆம் தேதி மாலை லூக்கா 2ஆம் அதிகாரத்தை யாராவது ஒருவர் உரக்க வாசிப்பது இன்றும் உண்டு. மேய்ப்பர்கள் திரும்பிப்போகும் வசனம் வரை வாசித்து முடிந்தபிறகே மரத்தடிப் பரிசுகளில் கைவைக்கலாம். ஆகவே பொட்டலம் பிரிக்கத் துடிக்கும் பிள்ளைகளும் பெத்லகேம் வரை போய்த்தான் திரும்பவேண்டும்.