காரணமா, அறிதலா? இந்தியத் தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவும் ஓர் 'அல்லது'வும்

முன்னுரை

மனநோயுற்ற ஒருவர் இழைத்த கொலைக்கு அவரைப் பொறுப்பாக்கலாமா என்னும் வினாவுக்கு, 1862 முதல் 2024 வரை இந்திய நீதிமன்றங்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைக் கொண்டே விடை கண்டன. அப்பிரிவு உருவான வரலாற்றையும், அதிலுள்ள ஓர் இணைப்புச் சொல் தோற்றுவித்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வரைவும் சட்டமும்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவு, பித்து அல்லது சன்னியின் விளைவாக ஒருவர் செய்யும் செயல் குற்றமாகாது என்றது. நோய் செயலுக்குக் காரணமா என்பதே அங்கு வினா.

1843 சனவரியில் இலண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். சில நாள்களில் டிரம்மண்ட் இறந்தார். ஆளுங்கட்சியினர் தம்மைத் துன்புறுத்துவதாக மெக்நாட்டன் நம்பியிருந்தார். சித்தம் பிறழ்ந்தவர் எனச் சான்றாயர் அவரை விடுவித்தமை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பிரபுக்கள் அவை ஐந்து வினாக்களை நீதிபதிகள்முன் வைத்தது. செயலின் இயல்பையோ அது தவறு என்பதையோ அறியாதவருக்கே விலக்கு என்னும் விதி, அவர்கள் தந்த விடையிலிருந்து பிறந்தது.

1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டம் மெக்காலேயின் சொற்களைக் கைவிட்டு இவ்விதியைத் தழுவியது. செயலின் இயல்பையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ மனப்பிறழ்வால் அறிய இயலாதவருக்கே அது விலக்களித்தது. காரணம் பற்றிய வினா, அறிதல் பற்றிய வினாவாக மாறியது.

இரு தீர்ப்புகள்

சட்டத்துக்கு முரண் என அறிந்தும், தவறன்று என நம்பிச் செய்தவரின் நிலை யாது? 1949இல் பதிவான கல்கத்தா உயர்நீதிமன்ற வழக்கொன்றில், கனவில் வந்த கட்டளையை நம்பி ஒருவர் தம் ஐந்து வயது மகனைப் பலியிட்டிருந்தார். செயலின் இயல்பையும் அது சட்டவிரோதம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் தவறு என்று அறியவில்லை எனக் கூறி நீதிமன்றம் விலக்களித்தது. 1959இல் பதிவான அலகாபாத் தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. தவறு, சட்டமுரண் ஆகிய இரண்டில் ஒன்றை அறிந்திருப்பினும் விலக்கில்லை என்றும், பிரிவு கேட்பது அறியாமையை அன்று, அறியும் ஆற்றலின்மையையே என்றும் அது விளக்கியது. ஒரே 'அல்லது' ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் தடையாகவும் நின்றது.

தாயாபாய் தக்கர் வழக்கில் (1964) உச்சநீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் மனப்பிறழ்வை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவு மேலோங்கினால் போதும் என்றது. மெய்ப்பிக்கும் சுமை இதனால் இலேசானது. மெய்ப்பிக்க வேண்டியது எது என்பது மாறவில்லை.

2023ஆம் ஆண்டுத் திருத்தம்

2023 ஆகத்து மாதம் மக்களவையில் அறிமுகமான பாரதிய நியாய சன்ஹிதா மசோதா, 'மனப்பிறழ்வு' என்ற இடத்தில் 'மனநோய்' என்று இட்டது. மனநோய் என்பது மனநிலை ஏற்ற இறக்கத்தையும் தாமே விரும்பி மேற்கொண்ட போதையையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது என நாடாளுமன்ற நிலைக்குழு கருதியதால், பழைய சொல்லே மீண்டது. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள 22ஆம் பிரிவு, பழைய 84ஆம் பிரிவின் வாசகத்தையே தாங்கி நிற்கிறது.

முடிவுரை

நோயின் பெயர் குறித்து விவாதித்த சட்டமியற்றுநர், இரு உயர்நீதிமன்றங்களைப் பிரித்த 'அல்லது'வைத் தொடவில்லை. காரணமா, அறிதலா என்னும் 1837ஆம் ஆண்டின் வினாவும் மீண்டும் எழுப்பப்படவில்லை. மருட்சியின் பிடியில், சட்டம் தடுப்பதை அறிந்தே செயல்படும் நோயாளி சிறைக்குச் செல்வதா, மருத்துவக் காவலுக்குச் செல்வதா என்பது இன்றும் அவ்விணைப்புச் சொல்லைப் படிக்கும் முறையைப் பொறுத்ததாகவே உள்ளது. சொல்மாற்றத்தினும் இத்தெளிவே முதன்மையான தேவை என்பது இவ்வாய்வின் முடிபாகும்.